பழைய பென்டியம் 3-ஐ ஓட வைக்கப் போகிறீர்களா? முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்

பழைய பென்டியம் 3 கம்ப்யூட்டர் ஒன்றை மறுபடி ஓட வைத்து, தொண்ணூறுகளில் வந்த கேம்களை அதிலேயே ஆட வேண்டும் என்று இறங்கினேன். மொத்தம் ரூ. 21,000 சொச்சம் ஆனது. அதில் ரூ. 10,750, அதாவது பாதிக்குப் பாதி, வெட்டிச் செலவு. பொங்கல் விடுமுறையில் ஆரம்பித்த வேலை ஆயுத பூஜை தாண்டியும் இழுத்தது. வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களில் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் நம்ம ஊர் 230 வோல்ட், எர்த் இல்லாத பிளக் பாயின்ட், கடல் காற்று, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கிடைப்பது எது, கிடைக்காதது எது என்பதெல்லாம் அவர்களுக்கு என்ன தெரியும்? யாராவது உட்கார்ந்து இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பத்தாயிரம் கையில் இருந்திருக்கும். அதனால்தான் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் என் சித்தப்பாவுடையது. திருவல்லிக்கேணியில் டிடிபி சென்டர் வைத்திருந்தார். மேன்ஷன் பையன்களுக்கு பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை, வார்டு கவுன்சிலர் தேர்தல் நோட்டீஸ் என்று எல்லாமே அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான். 1999 கடைசியில் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்தது. இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட மதர்போர்டு, அதில் ஸ்லாட் 1 வகை பென்டியம் 3, 500 மெகாஹெர்ட்ஸ், 64 எம்பி ராம், 10 ஜிபி ஹார்டு டிஸ்க். கடையை மூடிய பிறகு பரணில் ஏறியது, அங்கேயே கிடந்தது. இறக்கிப் பார்த்தபோது கேபினட்டின் திருகு எல்லாம் துரு. மெரினாவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற வீடு, வேறெப்படி இருக்கும். ஆனால் இந்த கான்ஃபிகரேஷன் எவ்வளவு அதிர்ஷ்டமானது என்று அப்புறம்தான் புரிந்தது. 440பிஎக்ஸ் போர்டில் ஐஎஸ்ஏ, பிசிஐ, ஏஜிபி மூன்று வகை ஸ்லாட்டும் உண்டு. டாஸ் காலத்து சவுண்ட் கார்டும் போடலாம், 2000 வாக்கில் வந்த 3டி கார்டும் போடலாம். புதிதாக ஒரு பழைய கம்ப்யூட்டர் தேடுகிறவர்கள், பென்டியம் 4-ஐ விட இந்த வகையைத் தேடுவது நல்லது. ஒரே கம்ப்யூட்டரில் எல்லாக் காலத்து கேமும் ஓடாது. எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை ஆடப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் பர்ஸைத் திறங்கள். என் கணக்கு 1992 முதல் 2000 வரை.

பரணிலிருந்து இறக்கியதை நேராக வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனேன். "செக்கிங் சார்ஜ் ஐந்நூறு சார்" என்றார்கள். கேபினட்டைத் திறக்கவில்லை, உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பவர் கார்டைச் செருகி சுவிட்சைப் போட்டார் ஒரு பையன். பட்டென்று ஒரு சத்தம், மீன் கருகிய மாதிரி ஒரு வாடை, கடையில் எம்சிபி விழுந்தது. "போர்டு போயிடுச்சு சார். இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வராது, எக்ஸ்சேஞ்ச்ல ஒரு ஐ3 போட்டுக்கோங்க." ஐந்நூறையும் வாங்கிக்கொண்டார்கள். வயிறு எரிந்தது. உண்மையில் போனது எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி மட்டும்தான். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வருடக்கணக்கில் சும்மா கிடந்த கம்ப்யூட்டர் புதுசு மாதிரி இருக்கும் என்று நினைப்பது இயல்புதான். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் விஷயத்தில் நிலைமை தலைகீழ். உள்ளே இருக்கிற திரவம் காய்கிறது, ஆக்சைடு படலம் மெலிகிறது, திடீரென்று முழு வோல்டேஜும் வந்தால் தாங்காது. அதனால் கரண்ட் கொடுப்பதற்கு முன் எஸ்எம்பிஎஸ்ஸை போர்டிலிருந்து கழற்றித் தனியாகச் சோதிக்க வேண்டும். பழைய டிவி மெக்கானிக்குகள் வைத்திருக்கிற சீரீஸ் பல்பு இதற்கு ரொம்ப உதவும். நூறு வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டு அதன் வழியாக கரண்ட் கொடுத்தால், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிடும். முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். இது மெயின் கரண்ட் விளையாட்டு, பழக்கமில்லாதவர்கள் தெரிந்த எலக்ட்ரீஷியனை உட்கார வைத்துச் செய்யுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டர்களில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

சரி, எஸ்எம்பிஎஸ்தானே, ரிச்சி தெருவில் புதுசு ஒன்று வாங்கினால் தீர்ந்தது என்று போனேன். 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியது, ரூ. 650. கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி லேசாக இருந்தது. மாட்டினேன். ஒரு பீப், ராம் எண்ணிக்கை ஓடியது, டிஸ்ப்ளே வந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த சந்தோஷம் அன்று ராத்திரி வரைதான். விண்டோஸ் 98 போட ஆரம்பித்தால் பாதியில் தொங்கும். ஒரு தடவை நீலத் திரை, மறு தடவை விண்டோஸ் புரொடெக்‌ஷன் எரர், இன்னொரு தடவை தானாகவே ரீஸ்டார்ட். சில நாள் ஒன்றுமே ஆகாமல் ஒழுங்காக ஓடும். அதுதான் ரொம்பக் கொடுமை. முழுசாகச் செத்திருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன்.

முதல் சந்தேகம் ராம் மேல். 2000-ஆம் ஆண்டு வாக்கில் சர்வீஸ் என்றாலே ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் கால்களைத் தேய்த்து, திரும்பப் போடுவதுதானே. அதையும் செய்தேன். கடல் காற்றுப் படிந்த கால்களுக்கு அது வேலை செய்யத்தான் செய்கிறது, ஆனால் தேய்த்த துகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும். பிரச்சினை தீரவில்லை. 256 எம்பி ராம் ஒன்று ரூ. 900 கொடுத்து வாங்கினேன். போட்டால் 128 என்று காட்டியது. 440பிஎக்ஸ் சிப்செட்டில் இப்படி ஒரு சிக்கல் இருப்பது கடைக்காரருக்கும் தெரியவில்லை. 256 எம்பி ஸ்டிக் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்க வேண்டும். எட்டே சிப்பில் 256 எம்பி அடைத்து வந்த பிந்தைய ராம்களை இந்த சிப்செட் பாதியாகக் காட்டும், இல்லையென்றால் டிஸ்ப்ளேவே வராது. அளவைக் கேட்டு வாங்காதீர்கள், சிப்பை எண்ணி வாங்குங்கள். 16 சிப் உள்ளது பிறகு ரூ. 600-க்குக் கிடைத்தது. அதற்கு மேல் வேண்டாம். விண்டோஸ் 98-க்கு 256 எம்பி தாராளம். 512-ஐத் தாண்டினால் டிஸ்க் கேஷ் (டிஸ்க் தகவலை ராமில் தற்காலிகமாக வைக்கிற இடம்) அளவை சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் கைமுறையாகக் கட்டுப்படுத்த வேண்டிய தொல்லை வேறு.

புது ராம் போட்டும் தொங்கியது. ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் புரோகிராமை இரவு முழுக்க ஓடவிட்டேன். பிழை காட்டியது, ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு முகவரியில். ராமே கெட்டிருந்தால் பெரும்பாலும் அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பிழை வரும். இடம் மாறிக்கொண்டே இருந்தால் ராமை விட்டுவிட்டு கரண்டையும் சூட்டையும் பார்க்க வேண்டும். அப்போது எனக்கு அதைச் சொல்ல ஆளில்லை. போர்டைக் கூர்ந்து பார்த்ததில் பிராசஸர் பக்கத்தில் இருந்த கெபாசிட்டர்களில் இரண்டு, தலை லேசாக உப்பியிருந்தன. 1999 முதல் 2007 வரை வந்த போர்டுகளில் தரம் கெட்ட கெபாசிட்டர்கள் உப்பி ஒழுகியது உலகம் முழுக்க நடந்த கதை. ஆக, இதுதான் காரணம் என்று நினைத்தேன்.

'சிப் லெவல் சர்வீஸ்' என்று போர்டு மாட்டிய ஒருவரிடம் கொடுத்தேன். ரூ. 1,800 வாங்கி, எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் போட்டிருப்பது 85 டிகிரி சாதாரண கெபாசிட்டர். ஒரு துளையில் செம்புத் தடமே பிய்ந்து, கம்பி வைத்து ஒட்டியிருந்தது. பிராசஸருக்கு வோல்டேஜ் கொடுக்கிற இடத்தில் 105 டிகிரி, குறைந்த இஎஸ்ஆர் (உள் மின்தடை) வகைதான் போட வேண்டும். என் போர்டில் இருந்தவை 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட். மைக்ரோஃபாரட்டும் வோல்ட்டும் சரியாக இருந்தால் போதும் என்று கடையில் சொல்வார்கள், போதாது. அந்த இடத்தில் கெபாசிட்டர் நொடிக்கு லட்சக்கணக்கான முறை நிரம்பி வடிகிறது, சாதாரண வகை சூடாகியே சாகும். இன்னொன்று, இந்த போர்டுகள் நாலு அடுக்கு கொண்டவை. உள் அடுக்கில் இருக்கிற செம்புத் தகடு சூட்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ரேடியோவுக்குப் பயன்படுத்துகிற 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு இழுத்தால் ஈயம் உருகாது, தடம்தான் பிய்யும். குறைந்தது 60 வாட், சூட்டைக் கட்டுப்படுத்துகிற வகை வேண்டும். வேலையைக் கொடுப்பதற்கு முன் என்ன கெபாசிட்டர் போடப் போகிறீர்கள் என்று கேளுங்கள். நாமே வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பது இன்னும் நல்லது. வாங்குவதும் தெருவோரத் தட்டில் வேண்டாம், பில் கொடுக்கிற டீலரிடம் வாங்குங்கள். பெரிய உறைக்குள் சின்ன கெபாசிட்டரை வைத்து விற்கிற வித்தையெல்லாம் நடக்கிறது.

அதற்கு அப்புறமும் அது தொங்கியது. அந்தக் கட்டத்தில் நான் கொஞ்ச நாள் அந்த அறைக்குள்ளேயே போகவில்லை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மேஜையைத் துடைக்கும்போது அந்தக் கேபினட்டைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டுப் போவாள். நாற்பது வயதில் ஒரு ஓட்டைக் கம்ப்யூட்டருக்காக ராத்திரி இரண்டு மணி வரை முழித்துக்கொண்டிருப்பது யாரிடமும் சொல்லக்கூடிய விஷயமா? நண்பர்கள் எமுலேட்டரில், அதாவது பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற மென்பொருளில் ஆடிவிட்டுப் போ என்றார்கள். நியாயமான யோசனைதான். டாஸ்பாக்ஸ் என்கிற எமுலேட்டரில் பெரும்பாலான டாஸ் கேம்கள் நன்றாகவே ஓடும். கேம் ஆடுவது மட்டும்தான் ஆசை என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு அதைச் செய்யுங்கள், காசு மிச்சம்.

முடிச்சை அவிழ்த்தது சித்தப்பா வீட்டுத் தெருவில் ஒரு காலத்தில் டிவி மெக்கானிக்காக இருந்த பெரியவர். கம்ப்யூட்டர் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார். "எதுவா இருந்தாலும் முதல்ல சப்ளையைப் பாரு தம்பி" என்றார். பார்த்துவிட்டேன், ஐந்து வோல்ட் சரியாக வருகிறது என்றேன். "லோடு இல்லாம பார்த்தியா?" ஆமாம். "லோடு இல்லாம பார்த்தா எல்லாம் யோக்கியமாத்தான் காட்டும். ஓட்டிக்கிட்டே பாரு." ஹார்டு டிஸ்க்குக்குப் போகிற அந்த நாலு முள் கனெக்டரில் ஒன்று காலியாக இருந்தது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையைச் சிவப்பு வயரிலும் வைத்து, ஒரு 3டி கேமை ஓட விட்டோம். ஐந்து வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 4.6. மஞ்சள் வயரில் பன்னிரண்டு இருக்க வேண்டும், 12.9 காட்டியது.

இதற்குக் காரணம் இருக்கிறது. பென்டியம் 3 காலத்து போர்டுகளில் பிராசஸருக்கான கரண்ட் பெரும்பாலும் ஐந்து வோல்ட்டிலிருந்து எடுக்கப்பட்டது. பென்டியம் 4 வந்த பிறகு அந்த வேலை பன்னிரண்டு வோல்ட்டுக்குப் போய்விட்டது. இன்றைய எஸ்எம்பிஎஸ் எல்லாம் பன்னிரண்டு வோல்ட்டில் அள்ளிக் கொடுக்கும், ஐந்து வோல்ட்டில் கஞ்சத்தனம் காட்டும். விலை மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டு வோல்டேஜையும் ஒரே சர்க்யூட்தான் சேர்த்துக் கட்டுப்படுத்துகிறது. ஐந்தில் இழுவை அதிகமாகி, பன்னிரண்டில் இழுவையே இல்லாமல் போனால் தராசுத் தட்டு மாதிரி ஒன்று இறங்கும், மற்றது ஏறும். அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் ஐந்து சதவீதம். ஐந்து வோல்ட் 4.75-லிருந்து 5.25 வரை, பன்னிரண்டு வோல்ட் 11.4-லிருந்து 12.6 வரை, 3.3 வோல்ட் என்றால் 3.14-லிருந்து 3.46 வரை. என் எஸ்எம்பிஎஸ் இரண்டிலும் எல்லையைத் தாண்டியிருந்தது. ராம், விண்டோஸ், கெபாசிட்டர் என்று நான் மாற்றி மாற்றிப் பழி போட்டதெல்லாம் இந்த வோல்டேஜ் வித்தியாசத்துக்குத்தான்.

தீர்வு, ஒரு ஆபீஸ் காலி செய்தபோது வந்த பழைய பிராண்டட் எஸ்எம்பிஎஸ். ரூ. 1,200. லேபிளில் ஐந்து வோல்ட்டுக்கு நேராக 30 ஆம்பியர் என்று போட்டிருந்தது. வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்த எண்தான், மொத்த வாட் அல்ல. தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும். பின்பக்கம் சின்ன சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது 230-ல் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டிகளில் 115-ல் இருக்கும், அப்படியே நம்ம பிளக்கில் செருகினால் அடுத்த நொடி வெடிதான். பெரியவரே அதன் உள்ளே பலவீனமான கெபாசிட்டர்களையும் போர்டில் இருந்த 85 டிகிரிக் குப்பையையும் மாற்றிக் கொடுத்தார். பார்ட்ஸுக்கு ரூ. 420, அவர் கைக்கு ரூ. 800. வேண்டாம் என்றுதான் சொன்னார், வம்படியாகச் சட்டைப் பையில் வைத்தேன். அன்றிலிருந்து அந்த கம்ப்யூட்டர் ஒரு தடவைகூடத் தொங்கவில்லை.

போகிற போக்கில் எர்த் பற்றி. கேபினட்டைத் தொட்டால் விரலில் ஜிவ்வென்று ஷாக் அடித்தால் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், சும்மா விட்டுவிடவும் வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்டுகிற இரண்டு கெபாசிட்டர்கள் கேபினட்டோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாத பிளக்கில் போட்டால் மெயின் வோல்டேஜில் பாதி கேபினட்டில் வந்து நிற்கும். டெஸ்டர் வைத்தால் எரியும். அந்த நிலையில் மானிட்டர் கேபிளையோ ஸ்பீக்கரையோ செருகினால் கார்டுகள் போக வாய்ப்பு உண்டு. பழைய வீடுகளில் மூன்று முள் பாயின்ட் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. இருபத்தைந்து வருட போர்டைக் காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்யுங்கள்.

பெரிய அடி கிராபிக்ஸ் கார்டில். 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு இல்லாமல் ரெட்ரோ கேமிங் ஏது என்று ஒரு வெறி. நீட் ஃபார் ஸ்பீட் 2 எஸ்இ, அன்ரியல் மாதிரி கேம்கள் அவர்களுடைய கிளைட் என்கிற 3டி மென்பொருள் முறையில்தான் அழகாகத் தெரியும். 2000 கடைசியில் அந்த நிறுவனமே என்விடியா கைக்குப் போய்விட்டது. சென்னையில் அந்தக் காலத்திலேயே வூடூ வாங்கியவர்கள் குறைவு, இன்று தேடினால் கிடைக்குமா? வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் வூடூ 3 ரூ. 9,800, அனுப்பும் செலவு ரூ. 2,800. இங்கே வந்த பிறகு கஸ்டம்ஸ் வரி, கூரியர் கட்டணம் எல்லாம் சேர்த்து ரூ. 4,100. பிரித்துப் பார்த்தால் வெறும் ஒரு சுற்று பபிள் ஷீட். கார்டின் பின்பக்கத்தில் எள்ளளவு இருக்கிற பாகங்கள் இரண்டு பெயர்ந்து, போர்டின் மூலை விரிந்திருந்தது. கார்டின் விலையைத் திருப்பித் தந்தார்கள், மற்ற ரூ. 6,900 போனது போனதுதான். வெளிநாட்டில் வாங்கினால் ஆன்டிஸ்டேட்டிக் பை, கெட்டியான அட்டைப் பெட்டி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கார்டு ஓடுகிற வீடியோவை, அன்றைய தேதியை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொருள் போனால் பணம் வரும். வரி வராது.

கடைசியில் ரிச்சி தெருவில் ஒரு கடையின் பின்னறையில், அட்டைப் பெட்டி நிறையக் குவிந்து கிடந்த கார்டுகளிலிருந்து ஜிஃபோர்ஸ் 2 எம்எக்ஸ் ஒன்றை ரூ. 500-க்கு எடுத்தேன். "இதெல்லாம் இன்னுமா தேடுறீங்க? காயலான் கடைக்குப் போக இருந்தது" என்றார் கடைக்காரர். சொல்லப்போனால் டைரக்ட்3டி (மைக்ரோசாஃப்டின் 3டி முறை) கேம்களுக்கு வூடூ 3-ஐ விட இதுதான் வேகம். கிளைட் மட்டுமே கேட்கிற சில கேம்களை விட்டுக்கொடுத்துவிட்டேன். ஏஜிபி கார்டு வாங்கும்போது அடியில் இருக்கிற வெட்டுகளைப் பாருங்கள். 440பிஎக்ஸ் ஸ்லாட் 3.3 வோல்ட். அதற்கான வெட்டு, மானிட்டர் கேபிள் செருகுகிற தகட்டுக்குப் பக்கமாக இருக்கும். இரண்டு வெட்டும் உள்ள கார்டு என்றால் உட்காரும். தகட்டிலிருந்து தள்ளி ஒரே ஒரு வெட்டு மட்டும் இருந்தால் அது 1.5 வோல்ட் கார்டு, அழுத்திப் பார்க்காதீர்கள்.

சவுண்ட் கார்டுக்கு டாஸ் கேம் ஆடுபவர்கள் ஐஎஸ்ஏ வகையைத்தான் தேட வேண்டும். பிசிஐ கார்டுகளில் டாஸுக்கான ஆதரவு அரைகுறை. அந்தக் காலத்து டூன் டூன் இசையின் உயிர் யமஹாவின் ஓபிஎல்3 சிப்பில் இருக்கிறது. யமஹா சிப்பே உள்ள ஐஎஸ்ஏ கார்டு ரூ. 1,500-க்குக் கிடைத்தது. சவுண்ட் பிளாஸ்டர் பெயர் பொறித்தது வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் விலை இரண்டு மூன்று மடங்கு. ஆட்டோஎக்ஸெக் கோப்பில் போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று எழுதிவிட்டால் பெரும்பாலான கேம்கள் தானாகக் கண்டுபிடித்துவிடும். சில பழைய கேம்கள் இந்த பிராசஸரின் வேகம் தாங்காமல் பறக்கும். பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போதே வருகிற அடிப்படை செட்டிங்கில்) பிராசஸரின் கேஷை அணைத்தால் கம்ப்யூட்டர் 386 அளவுக்குத் தவழும், அப்போது ஆடலாம். டர்போ பாஸ்கலில் எழுதிய சில புரோகிராம்கள் 'ரன்டைம் எரர் 200' என்று விழுவதும் வேகத்தால்தான், கார்டைச் சந்தேகப்பட்டு இன்னொன்று வாங்கப் போகாதீர்கள்.

ஹார்டு டிஸ்க் ஓடியது, ஆனால் விசில் அடித்துக்கொண்டு ஓடியது. முதல் வேலையாக யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி எல்லாவற்றையும் நகலெடுத்தேன். உள்ளே பேஜ்மேக்கர் கோப்புகளாக முந்நூறுக்கு மேற்பட்ட கல்யாணப் பத்திரிகைகள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் என்பதால் இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். பழைய ஃபான்ட் ஃபோல்டரையும் சேர்த்து எடுத்து வைத்துக்கொண்டால்தான் படிக்க முடியும். டிஸ்க்குக்குப் பதில் காம்பேக்ட் ஃபிளாஷ் மெமரி கார்டும், அதைப் பழைய டிஸ்க் கேபிளில் மாட்ட ஐடிஇ அடாப்டரும் போட்டேன், ரூ. 1,450. சத்தமே இல்லை. அந்தக் காலத்து பயாஸ்களில் பல 32 ஜிபிக்கு மேல் கண்டால் அப்படியே நின்றுவிடும், 16 ஜிபி கார்டு வாங்கினால் வம்பில்லை.

மானிட்டர் 17 இன்ச் சிஆர்டி, அதாவது பிக்சர் டியூப் வகை, ரூ. 2,000. ஆட்டோ, ஏற்றிறக்கும் கூலி எல்லாம் ரூ. 700. எல்சிடியில் ஆடலாம், ஆனால் 17 இன்ச் எல்சிடிகளில் பெரும்பாலானவை 1280-க்கு 1024, அதாவது 5:4. பழைய கேம்கள் 4:3. வட்டம் எல்லாம் முட்டையாகும். சிஆர்டியில் ரிஃப்ரெஷ் ரேட்டை 85-ல் வையுங்கள், 60-ல் வைத்தால் தலைவலி நிச்சயம். பின்மூடியைக் கழற்றவே வேண்டாம். பிக்சர் டியூபில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, அணைத்த பிறகும் தங்கும்.

386, 486 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போர்டில் நீல நிறத்தில் பீப்பாய் மாதிரி பேட்டரி இருந்தால், ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே அதை வெட்டி எடுத்துவிடுங்கள். நிக்கல் காட்மியம், ஒழுகினால் பக்கத்தில் இருக்கிற தடங்களை எல்லாம் தின்றுவிடும். ஒழுகியது காரம் என்பதால் வினிகரில் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் கழுவ வேண்டும். என்னுடையதில் நல்ல வேளையாக சிஆர்2032 பட்டன் பேட்டரி, வாட்ச் கடையில் கிடைப்பதுதான்.

மல்டிமீட்டர், ஆல்கஹால், பிராசஸருக்கான தெர்மல் பேஸ்ட் என்று சில்லறை ரூ. 1,250. மழைக்காலத்தில் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்துவிடாமல் வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் ஓட விடுகிறேன். உள்ளே வருகிற சூடே ஈரத்தை விரட்டிவிடும்.

இப்போது கையில் இருக்கிற வேலை பிளாப்பிகள். சித்தப்பா ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொடுத்தார். சென்னை ஈரத்தில் பிளாப்பிக்குள் பூஞ்சை பிடிக்கும். செருகுவதற்கு முன் அந்தத் தகரக் கதவை நகர்த்தி, நடுச் சக்கரத்தை விரலால் சுற்றி, முழு வட்டத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் புள்ளி தெரிந்தால் செருகாதீர்கள். ஒரு பூஞ்சை பிளாப்பி டிரைவின் ஹெட்டைக் கறையாக்கும், அந்தக் கறை அடுத்து வருகிற நல்ல பிளாப்பியைக் கீறிவிடும். டின்னில் பாதிக்கு மேல் தேறவில்லை. 'கஸ்டமர் பாக்கி 2001' என்று எழுதியிருந்த பிளாப்பி மட்டும் ஒரு பிழை இல்லாமல் திறந்தது. அதில் இருக்கிற பாக்கியை இப்போது வசூலிக்க வழி இருக்கிறதா என்று சித்தப்பா தினம் போன் செய்து கேட்கிறார்.